வானினின்று ஆறளத்தல்

(வால்பாறையில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



வால்பாறை மலையில் பெய்யும் மழை யாருக்கு உரியது? கேட்டவுடன் சிறுபிள்ளை வினாவாகத் தோன்றும். ஆயினும் பொள்ளாச்சியும் உடுமலையும் பல்லடமும் காங்கயமும் தாராபுரமும் வரையுள்ள உழவர் குடும்பங்களின் உலையரிசி இவ்வொரு வினாவின்மேல்தான் நிற்கின்றது.

நீராறு தெற்கே இறங்கி இடைமலையாற்றில் கலந்து பெரியாற்றை அடைவது. சோலையாறு மேற்கே ஓடிச் சாலக்குடி ஆற்றோடு சேர்வது. ஆழியாறு சமவெளியில் இறங்கிப் பாலக்காட்டுப் பக்கம் திரும்பிப் பாரதப்புழையில் விழுவது. மூன்றும் முடிவில் மேலைக் கடலுக்கே போவன. அவற்றை மறித்து, மலையைச் சுருங்கையாகக் குடைந்து, கிழக்கு நோக்கித் திருப்பியதே பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். மேல் நீராற்றுத் தடுப்பணை, கீழ் நீராற்று அணை, சோலையாற்று அணை, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி என்று ஒரே சரட்டில் கோத்த மணிகள் போல அவை நிற்கின்றன. கொங்கு நாட்டின் நான்கு இலக்கம் ஏக்கர் அளவிலான நிலம் அச் சரட்டில் தொங்குகின்றது.

அச் சரடோ வெறும் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனதன்று. எண்களால் ஆனது. தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று கையெழுத்திட்டு, 1958 நவம்பர் 9 முதலே நடைமுறையில் உள்ளதாகக் கொண்ட உடன்படிக்கையைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு அதில் சொற்களைக் காட்டிலும் அளவுகளே கண்ணிற்படும். மணக்கடவுத் தடுப்பணையில் கேரளத்திற்கு ஆண்டுக்கு 725 கோடி கன அடி. கேரளச் சோலையாற்றிற்கு ஆண்டுக்கு 1,230 கோடி கன அடி. மேல் நீராற்றில் அக்டோபர் முதல் நாளிலிருந்து சனவரி இறுதிவரை வரும் நீர் கேரளத்திற்கு. ஏனைத் திங்கள்களில் வருவது தமிழ்நாட்டிற்கு. ஆண்டுக் கணக்கு சூலை முதல் நாள் தொடங்கி அடுத்த சூன் 30-இல் முடியும். இவ்வளவும் எழுதிக் கையெழுத்திட்ட பின்னர் எஞ்சி நிற்பது ஒரே ஒரு கேள்வி: அளப்பது யார்? எதைக்கொண்டு?

மணக்கடவையே எடுத்துக்கொள்க. தடுப்பணையின் முகட்டின்மேல் நீர் எவ்வளவு உயரத்திற்கு எழும்பி வழிகின்றது என்பதைப் பார்த்து, நொடிக்கு எத்தனை கன அடி போகின்றது என்று கணிப்பது பொறியாளர் வழக்கம். அவ்வுயரத்தின் ஒன்றரை மடிக்கு ஏற்ப ஒழுக்கு கூடும். உயரம் நான்கு மடங்கானால் ஒழுக்கு நான்கு மடங்காகாது; எட்டு மடங்காகும். ஆகலின் உயரத்தில் நேரும் சிறு பிழை கணக்கில் பெரும்பிழையாக விரியும். முகட்டின்மேல் நீர் ஓரடி நிற்பதாகக் கொள்வோர், அளவுகோலில் கால் அங்குலம் பிறழப் படித்துவிட்டால், ஒழுக்கில் மூன்று விழுக்காட்டிற்கு மேல் பிழை நேரும். ஆண்டு முழுதும் அவ்வாறே படித்துக்கொண்டே போனால் 725 கோடியில் 22 கோடி கன அடிக்கு மேல் கணக்கினின்று வழுவும். ஐயாயிரம் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்திற்கு நிற்கக்கூடிய நீர் அது! கால் அங்குலம்! ஒரு விரல்கடைக்கும் குறைவு! வாய்க்கால் மடையில் ஒரு சாண் மண்ணை விலக்கியதற்கு அண்ணனும் தம்பியும் வழக்காடும் நாட்டில், இக் கால் அங்குலத்தைப் பற்றிக் கேட்பார் எத்தனை பேர்?

இவ்விடத்தில் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லல் தகும். அணைகளின் நீர்வரத்தைச் செய்தியாகப் படிப்போர் 'கியூசெக்' என்றும் 'டி.எம்.சி.' என்றும் ஒப்பிக்கின்றனர். கேட்கும் உழவரும் தலையசைக்கின்றனர். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடியன்றி வேறொன்றுமில்லை. ஓர் ஆறு நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் நூறு கோடி கன அடியாகும். இதனைத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டால், தன் அணைக்கு இன்று எவ்வளவு வந்தது என்பதை எந்த உழவரும் மனக்கணக்காகவே போட்டுவிடுவார். ஆங்கில எழுத்து மூன்றை உருப்போட்டுக்கொண்டிருக்கும்வரை அது அதிகாரிகளின் மறைமொழியாகவே இருக்கும். 'வினாடி' என்னும் வடசொல்லுக்குப் பகரமாக நொடி என்று சொல்வதில் யாருக்கு என்ன குறை?

ஊர்ப்பெயர்களோ எவரும் கற்பிக்காமலே நீரியல் பேசுகின்றன. சோலை என்பது இம் மலையின் மழைக்காடு. அச்சொல்லையே ஆங்கிலேயரும் 'சோலா' என்று எடுத்தாண்டனர். மணக்கடவிலும் தூணக்கடவிலும் உள்ள கடவு என்பது ஆற்றைக் கடக்கும் துறை. நீர் பரந்து ஆழங்குறைந்து ஓடும் இடம். ஆற்றை அளப்பதற்கும் அத்தகைய இடமே ஏற்றது. வாரி என்பது வெள்ளம். வருவாய் என்றும் பொருள்படும். பள்ளம் என்பது கொங்கு வழக்கில் காட்டோடை. பெருவாரிப்பள்ளம் என்று பெயரிட்டவர்கள் அவ்வோடையின் நீர்வரத்தைக் கண்டறிந்தே பெயரிட்டிருக்க வேண்டும். மழையையும் 'ஓர் உழவு மழை', 'ஈருழவு மழை' என்று மண் நனைந்த ஆழத்தால் அளந்தவர்கள் கொங்கு உழவர். கல்லணை கட்டிய இனத்தார்க்கும், உத்தரமேரூரில் ஏரி வாரியம் என்றே தனிக்குழு வைத்துக் கல்லில் வெட்டிய இனத்தார்க்கும் அளவையறிவு புதிதன்று. புதிதாக வந்திருப்பது அளக்கும் இடம். இப்போது வானிலிருந்து அளக்கின்றனர்.

ஆற்றின் ஒழுக்கு என்பது மூன்றின் பெருக்கம்: அகலம், ஆழம், விரைவு. ஆற்றை அளக்கச் செல்லும் பொறியாளர், கரையிலிருந்து கரைவரை கயிறு கட்டி, ஆற்றைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும் நீரோட்டத்தின் விரைவையும் தனித்தனியே அளப்பார். மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் விரைவுமானியை இறக்கினால் அத் துண்டின் நடுத்தர விரைவு கிடைக்கும். கருவி இல்லாதவர் மிதவையை விட்டு, அது ஓடும் விரைவில் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் கொள்வர். இவ்வாறு பல நாள், பல நீர்மட்டத்தில் அளந்து, இன்ன மட்டத்திற்கு இன்ன ஒழுக்கு என்று ஒரு வளைகோடு வரைந்துகொண்டால், பின்னர் மட்டத்தை மட்டும் பார்த்தே ஒழுக்கைச் சொல்லிவிடலாம். உலகில் பெரும்பாலான ஆறுகளின் கணக்கு இவ் வளைகோட்டின்மேல்தான் நிற்கின்றது.

வானிலிருந்து முதலில் அளக்கப்பட்டது நீர்மட்டமே. 1992-இல் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய டோபெக்சு–பொசைடன் என்னும் செயற்கைக்கோள் கடல்மட்டத்தை அளக்கச் சென்றது. கீழ்நோக்கி நுண்ணலைத் துடிப்பை விடுத்து, அது நீரில் பட்டு மீண்டுவர எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு உயரம் காண்பதே அதன் முறை. கடலுக்காக அனுப்பப்பட்டது, போகும் வழியில் பேராறுகளையும் கடந்தது. அறிஞர் அதனையும் பயன்படுத்திக்கொண்டனர். 2013 பிப்பிரவரி 25 அன்று இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து சரல் என்னும் செயற்கைக்கோளைச் சிரீஅரிக்கோட்டையிலிருந்து ஏவின. அதிலும் அத்தகைய உயரமானியே. ஆயினும் இவையெல்லாம் தம் பாதைக்கு நேர்கீழே உள்ள கோட்டை மட்டுமே காண்பவை. அக்கோடு ஆற்றை வெட்டும் இடத்தில் மட்டுமே அளவு கிடைக்கும். இடையில் உள்ளதெல்லாம் இருள்.

அவ்விருளை அகற்ற வந்தது 2022 திசம்பர் 16 அன்று ஏவப்பட்ட சுவாட் என்னும் செயற்கைக்கோள். அமெரிக்க நாசாவும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் கனடா, பிரிட்டன் ஆகியவற்றின் துணையோடு செய்தது. நிலத்திலிருந்து 891 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதன்மேல் பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பம். கம்பத்தின் இருமுனையிலும் ஓர் அலைவாங்கி. ஒன்றிலிருந்து புறப்பட்ட ரேடார் அலை நிலத்தில் பட்டு மீளும்போது இரண்டு அலைவாங்கிகளும் அதனை வாங்குகின்றன. இரண்டையும் அலை சேரும் நிலையில் மயிரிழை வேறுபாடு இருக்கும். மனிதன் இரு கண்களால் தொலைவை உணர்வது போல, அவ்வேறுபாட்டிலிருந்து நீர்ப்பரப்பின் உயரத்தைக் கணிக்கின்றனர். பாதையின் இருமருங்கும் ஐம்பது ஐம்பது கிலோமீட்டர் அகலத்திற்கு அது படம்பிடிக்கும். 21 நாளுக்கொருமுறை அதே பாதைக்கு மீளும். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை நிரவி எடுத்தால் உயரத்தில் பத்து செண்டிமீட்டர் அளவிற்குத் துல்லியம் வேண்டும் என்பது அதற்கு வகுக்கப்பட்ட இலக்கு. இரவும் பகலும் ஒன்றே, முகிலும் தடையன்று. ஆற்றின் அகலம், நீர்மட்டம், மட்டத்தின் சாய்வு ஆகிய மூன்றையும் ஒரே வீச்சில் தருவதே அதன் தனிச்சிறப்பு.

சாய்வு எதற்கு எனின், விரைவைக் கணிக்க. அயர்லாந்துப் பொறியாளர் மானிங் 1889-இல் அளித்த வாய்பாடு இன்றும் பொறியாளர் கையில் உண்டு. ஆழமும் சாய்வும் கூடினால் விரைவு கூடும். படுகையின் கரடுமுரடு கூடினால் விரைவு குறையும் என்பதே அதன் சாரம்.

இங்கேதான் பெருஞ்சிக்கல். செயற்கைக்கோள் நீரின் மேற்பரப்பைக் காணும், அடிப்பரப்பைக் காணாது. படுகை எங்கே கிடக்கின்றது, அது மணலா பாறையா, கோரையும் நாணலும் மண்டியதா என்பதெல்லாம் அதற்குத் தெரியா. மிகக் குறைந்த நீரோட்டக் காலத்தில் கண்ட மட்டத்திற்குக் கீழே உள்ள ஆழம் மறைந்தே கிடக்கும். அம் மறைந்த பகுதியை அறிஞர் பல கணித முறைகளால் உய்த்துணர்கின்றனர், உய்த்துணர்வு அளவையாகிவிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு 120 மீட்டர் அகலம். நடுத்தர ஆழம் 2 மீட்டர். விரைவு நொடிக்கு ஒரு மீட்டர். ஒழுக்கு நொடிக்கு 240 கன மீட்டர். அஃதாவது ஏறத்தாழ 8,475 கன அடி. படுகையின் மட்டத்தை அரை மீட்டர் தவறாகக் கொண்டுவிட்டால் 60 கன மீட்டர், ஏறத்தாழ 2,119 கன அடி, கணக்கில் கூடவோ குறையவோ செய்யும். முப்பது நாளில் அப்பிழை 549 கோடி கன அடியாகும். வால்பாறையார்க்கு இதனை எடுத்துச்சொல்ல வேறு உவமை வேண்டா. சோலையாற்று அணை 160 அடிக்கு நிரம்பினால் கொள்ளும் நீர் ஏறத்தாழ 540 கோடி கன அடி. அரை மீட்டர் மணலை அறியாமையால் ஒரு திங்களில் ஒரு சோலையாற்று அணையே கணக்கினின்று காணாமற் போகும்!

ஆகவே வான்கருவி வந்துவிட்டது, இனி ஆற்றங்கரையில் அளவுகோல் எதற்கு என்று கேட்பவர் இவ்வறிவியலை அறியாதவர். வான்கருவி வந்ததனால்தான் ஆற்றின் அடிப்படுகையை அளந்து வைக்கும் வேலை முன்னிலும் மதிப்புடையதாயிற்று. படுகையை ஒருமுறை செவ்வையாக அளந்து வைத்தவனுக்குச் செயற்கைக்கோள் தரும் ஒவ்வோர் அகலமும் ஒவ்வோர் உயரமும் பொன். படுகையை அறியாதவனுக்கு அவை படம்.

இதனை மெய்ப்பித்துக் காட்டியது வங்காளதேசம். கங்கையும் பிரமபுத்திரையும் அந்நாட்டிற்குள் நுழையுமுன் இந்தியாவின் கையில் உள்ளன. கங்கை, பிரமபுத்திரை, சிந்து ஆகியவற்றின் ஒழுக்குக் கணக்குகளை இந்திய அரசு மறைபொருளாக வகைப்படுத்தி வைத்தது. கடைமடை நாடு என்ன செய்யும்? ஆர்டிஞ்சுப் பாலத்தருகிலும் பகதுராபாத்திலும் தான் அளந்து வைத்த கணக்கு அதனிடம் இருந்தது. அந் நிலக் கணக்கை வான் உயரமானியின் அளவுகளோடு பொருத்தி, 1993 முதல் 2008 வரையுள்ள கங்கை–பிரமபுத்திரையின் திங்கள்வாரி ஒழுக்கை அறிஞர் 2010-இல் வெளியிட்டனர். அவ்வளவில் நிற்கவில்லை. எல்லைக்கு அப்பால், இந்திய மண்ணில் ஆறு எவ்வளவு ஏறியிருக்கின்றது என்பதை வானிலிருந்து கண்டு, எட்டு நாள் முன்னதாகவே வெள்ளத்தைக் கணிக்கும் முறையையும் அந்நாட்டார் கைக்கொண்டனர். மேல்மடைக்காரன் சொல்லாததை வானம் சொல்லிற்று. தன் மொழிக்காகக் குருதி சிந்திய நாடு அது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழ்நாடும் கடைமடை நாடே. காவிரியில் அதன் உரிமை பிலிகுண்டுலு என்னும் ஓரிடத்தில் அளந்து தரப்படுகின்றது. நடுவர் மன்றம் 2007 பிப்பிரவரி 5 அன்று அங்கே ஆண்டுக்கு 19,200 கோடி கன அடி என்றது. உச்ச நயன்மன்றம் 2018 பிப்பிரவரி 16 அன்று அதனை 17,725 கோடியாகக் குறைத்தது. குறைந்த 1,475 கோடியில் 475 கோடி பெங்களூருவின் குடிநீருக்கு. எஞ்சிய 1,000 கோடி எதற்காக? காவிரிக் கழிமுகத்தில் தமிழர்க்கு நிலத்தடி நீர் உண்டு என்பதற்காக! மண்ணுக்கடியில் இருக்கின்ற நீரின் மதிப்பீடு ஒன்று மண்ணுக்குமேல் ஓடும் ஆற்றின் உரிமையைக் கழித்துக்கொண்டது. அளவுகோலின் வன்மைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

நிலத்தடி நீரையும் வானிலிருந்து நிறுக்கின்றனர். 2002-இல் ஏவப்பட்ட கிரேசு என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, நிலவுலகின் ஈர்ப்பு எங்கே கூடுகின்றது, எங்கே குறைகின்றது என்று உணர்ந்தன. வடமேற்கு இந்தியாவில் 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபர்வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் வற்றியதாக 2009-இல் வெளிவந்த ஆய்வு உலகையே உலுக்கிற்று. ஆயின் அக்கருவியைக் காவிரிக் கழிமுகத்திற்கு அப்படியே கொண்டுவர இயலாது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அகலத்திற்குக் குறைந்த நிலப்பகுதியை அதனால் தனித்துப் பிரித்தறிய முடியாது. வானியற்கருவி என்றவுடன் வாய்பிளப்பவர், அதன் எல்லையையும் கேட்டறிதல் நன்று. எல்லை அறியாத சான்றை வழக்குமன்றத்தில் நீட்டினால் எதிர்வழக்காளர் ஒரே மூச்சில் தள்ளிவிடுவார்.

இனி வால்பாறைக்கே மீள்வோர் கேட்க வேண்டியது: சுவாட் நீராற்றை அளக்குமா? அளக்காது. நூறு மீட்டருக்குமேல் அகன்ற ஆறுகளுக்காகவே அது ஆக்கப்பட்டது. இம் மலையோடைகள் அவ்வகலத்தை எட்டாதவை. கூழாங்கல் ஆற்றில் நிற்பவர் எதிர்க்கரையில் நிற்பவரோடு கூவாமலே பேசிவிடுவார். மலைச்சரிவில் ரேடார் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து விழும். நீர் எது பாறை எது என்று பிரித்தல் அரிது. மேலும், தென்மேற்குப் பருவத்தில் சின்னக்கல்லாற்றில் கொட்டும் மழைக்கு நீராறு சில மணி நேரத்தில் பொங்கிச் சில மணி நேரத்தில் வடியும். 21 நாளுக்கொருமுறை எட்டிப்பார்ப்பவனுக்கு அப்பொங்கல் எப்படித் தெரியும்? தமிழ்நாட்டிலேயே மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்றில், வானத்துக் கண் ஏறத்தாழக் குருடு. இதனை மூடிமறைப்பதில் பயனில்லை.

ஆனால், ஆறு தெரியாவிட்டாலும் ஏரி தெரியும். சுவாட் 250 மீட்டருக்கு 250 மீட்டர் அளவுள்ள நீர்நிலையையே அளக்க வல்லது. சோலையாற்று நீர்த்தேக்கமும் பரம்பிக்குளமும் ஆழியாறும் அதனினும் பன்மடங்கு பெரியவை. நீர்த்தேக்கத்திற்குள் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்பதன் வேறுபாடே மட்டத்தின் ஏற்ற இறக்கம். இருபது சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேக்கத்தில் மட்டம் பத்து செண்டிமீட்டர் உயர்ந்தால் ஏழு கோடி கன அடி சேர்ந்தது என்று பொருள். சுருங்கை வழியாகவும் மின்னாக்க நிலையம் வழியாகவும் விடுத்த நீரையும், வெயிலில் ஆவியாய்ப் போனதையும் அதனோடு கூட்டினால், மலை தந்த வரத்து கைக்கு வந்துவிடும். ஓடையை அளக்க முடியாதவன் அது வந்து விழும் குடத்தை அளக்கின்றான், அவ்வளவே.

பரப்பளவைக் காண வேறு செயற்கைக்கோள்களும் உண்டு. ஐரோப்பியர் ஏவிய சென்டினல் வரிசையில் ஒன்று பத்து மீட்டர்க் கட்டங்களாக நிலத்தைப் படம்பிடிக்கின்றது. மற்றொன்று ரேடார் கொண்டு முகிலுக்குள்ளும் காண்கின்றது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2025 சூலை 30 அன்று ஏவிய நிசார் 12 நாளுக்கொருமுறை அதே இடத்திற்கு மீள்வது. தேக்கத்தின் பரப்பு ஒவ்வொரு மட்டத்திலும் எவ்வளவு என்று கண்டு ஒப்பிட்டால், அணை கட்டியபோது இருந்த கொள்ளளவில் வண்டல் எவ்வளவைத் தின்றுவிட்டது என்பதும் தெரியவரும். அறுபதாண்டுக்கு முந்தைய கொள்ளளவுப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்று நீர் பங்கிடுவது, தாத்தாவின் சட்டைக்குப் பேரனை அளப்பதை ஒக்கும்.

2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளுள் நடுவில் உள்ளது பெயர்ந்து, நொடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் சாலக்குடி நோக்கிப் பாய்ந்தது. அவ்வீதத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 173 கோடி கன அடி! கொங்கு உழவரின் ஓராண்டு நம்பிக்கை கண்ணெதிரே வடிந்தது. அணை கேரள மண்ணில். பேணுவது தமிழ்நாட்டுப் பொறியாளர். அத்தகைய வேளையில் இரு அரசுக்கும் பொதுவாய், எவர் கைக்கும் அடங்காததாய் ஒரு வானளவை இருப்பது இரு சாராருக்கும் நன்று. மலையாளியர் சேரர் வழிவந்த உடன்பிறப்புகள்; அவர்க்குரிய 725 கோடியும் 1,230 கோடியும் குறையாமல் போய்ச்சேர வேண்டுவதே. உடன்பிறந்தார்க்குள்ளும் கணக்கு வேண்டும். கணக்கில்லாத இடத்தில்தான் ஐயம் முளைக்கும்.

அவ்வுடன்படிக்கை முப்பதாண்டுக்கொருமுறை மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்று அதிலேயே எழுதப்பட்டுள்ளது. அதன்படி முதல் மறுஆய்வுக்குரிய நாள் 1988 நவம்பர். ஆண்டுகள் உருண்டோடின. 2019 செப்டம்பர் 25 அன்று இருமாநில முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் அமர்ந்து குழு அமைக்க இசைந்தனர். ஆனைமலையாற்றில் தமிழ்நாட்டிற்குரிய 250 கோடி கன அடியோ, இடைமலையாற்று அணையைக் கேரளம் கட்டி முடித்துப் பல்லாண்டுகள் ஆகியும் கிழக்கே வந்தபாடில்லை. இத்தகைய பேச்சுகளுக்குச் செல்வோர் இரு கைகளையும் வீசிக்கொண்டு செல்லலாகாது. நீராற்றில் எந்தெந்த ஆண்டில் எவ்வளவு வந்தது, கடலுக்குப் போனது எவ்வளவு, சோலையாறு எத்தனை நாள் வழிந்தது என்பதற்குத் தமிழ்நாடு தானே தொகுத்த தனிக்கணக்கு அவர்கள் மடியில் இருக்க வேண்டும். காவிரியிலும் அவ்வாறே. கண்ணம்பாடி, கபினி, ஏமாவதி, ஏரங்கி ஆகிய நான்கு தேக்கங்களின் பரப்பும் மட்டமும் வானிலிருந்து தெரிபவை. பற்றாக்குறை ஆண்டில் அத் தேக்கங்களுக்கு வந்த நீரைக்கொண்டே பங்கீடு பேசப்படுகின்றது. மேல்மடையார் தரும் எண்ணை மட்டும் நம்பி வழக்காடும் இழிநிலை ஏன்?

இவ்வளவு செய்திகளும் ஒளித்துவைக்கப்பட்டவை அல்ல. சுவாட்டின் அளவுகளும் சென்டினலின் படங்களும் விலையின்றி எவர்க்கும் கிடைப்பவை. தடையாய் இருப்பது மொழி. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. 2023-இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்தபின் திரும்பப் பெற்றது. தொடங்கியதைக் காப்பதற்கே இத்தனை கூக்குரல் வேண்டியிருக்கின்றது! ஒழுக்கு, படுகை, சாய்வு, வரத்து, வாரி என்று உழவர் நாவில் உயிரோடிருக்கும் சொற்களை வைத்துக்கொண்டு, நீரளவையைத் தமிழில் கற்பிக்க நூலில்லை என்று சொல்வது வெட்கக்கேடு. மானிங்கின் வாய்பாட்டைப் பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த மாணவர் புரிந்துகொள்வார்.

வேலை எங்கே தொடங்குவது எனின், ஆற்றில். முக்கொம்பிற்கு மேலே மாயனூர் வரையுள்ள அகன்ற காவிரி, நூறு மீட்டர் என்னும் எல்லையைப் பன்மடங்கு கடந்தது. வான்கண்ணுக்கு நன்கு தெரிவது. அங்கே குறுக்கே கயிறு கட்டி, அரை கிலோமீட்டருக்கொரு வெட்டாகப் படுகையின் உயரத்தை அளந்து வைத்தல் பொறியியற் கல்லூரி மாணவர் குழு ஒன்றால் இயலும். ஆழியாற்றிலும் மணக்கடவிற்கு மேலும் கீழும் அதையே செய்யலாம். ஆற்றுமணல் எடுக்கப்பட்ட இடங்களில் படுகை ஆண்டுக்காண்டு மாறிவிடும். அங்கெல்லாம் ஆண்டுக்கொருமுறை அளக்க வேண்டும். அதற்கேற்ற காலம் ஏப்பிரலும் மே முற்பாதியும். ஆறு மெலிந்து கற்கள் வெளித்தெரியும் நாள்கள். சூன் தொடக்கத்தில் நீராற்றின்மேல் முதல் மழை இறங்கிவிட்டால் பின்னர் அடுத்த வேனில்வரை படுகை கண்ணிற்படாது.